சிங்கப்பூர்த் தமிழர்களை சன்ஸ்கிரீன் பழக்கத்துக்குக் கொண்டுவர ஒரு பிராண்ட் எந்தக் கதையைச் சொல்ல வேண்டும்?

கடற்கரைக் கதை வேண்டாம். தோல் புற்றுநோய்ப் பயமும் வேண்டாம். "நாம என்ன வெள்ளைக்காரங்களா, நமக்கெதுக்கு?" என்பார்கள். அதில் பாதி நியாயம் உண்டு: மாநிறத் தோலுக்கு அதன் நிறமியான மெலனின் ஓரளவு காப்பு, புற்றுநோய் ஆபத்தும் குறைவு. நம்மவர் கண்ணாடி முன் நின்று கவலைப்படுவது கன்னத்து மங்குக்கும், பரு ஆறியபின் தங்கிவிடும் கறுப்புத் தழும்புக்கும்தான். கதை அங்கே தொடங்கட்டும். கண்ணுக்குத் தெரியும் ஒளியும் மங்கைக் கூட்டும் என்பதால், இரும்பு ஆக்சைடு என்ற நிறமி கலந்த, நிறமுள்ள சன்ஸ்கிரீன் வகை இதற்குப் பொருத்தம்.

"வெள்ளையாகலாம்" என்ற வாடைகூட வரக்கூடாது. ஃபேர் அண்ட் லவ்லியே 2020-இல் பெயரை மாற்றிக்கொண்டது. "மங்கு குணமாகும்" என்றும் எழுத முடியாது. இங்கே சன்ஸ்கிரீன் ஒப்பனைப் பொருள் கணக்கில் வருவது. நோய் தீர்க்கும் என்று சொன்னால் சுகாதார அறிவியல் ஆணையத்தின் விதியோடு மோதும்.

காட்சிக்கு நேரம் பகல் 1 மணி. ஏற்கெனவே சூரியனை முந்தி ஓடிய நம் கடிகாரத்தை 1982-இல் இன்னும் அரை மணி முன்தள்ளியதால், உச்சிவெயில் 12-க்கு இல்லை, ஏறக்குறைய 1 மணிக்கு. சரியாகச் சாப்பாட்டு நேரம்! ராஃபிள்ஸ் பிளேஸிலிருந்து லாவ் பா சாட் உணவு மையத்துக்கு நடக்கும் அந்தச் சில நிமிடங்களே காட்சிக்குப் போதும். தேசிய சுற்றுப்புற வாரியம் புற ஊதாக் குறியீட்டை மணிக்கு மணி வெளியிடுகிறது. 3-லிருந்தே காப்பு தேவை, 11-ஐ எட்டினால் உச்சக்கட்டம். அன்றைய எண்ணையே விளம்பரப் பலகையில் ஓடவிடுங்கள். குடை பிடித்துத் தேக்கா சந்தைக்குப் போகும் பெரியம்மாவைக் கேலி செய்யாதீர்கள். பழக்கத்தில் பாதியை அவர் ஏற்கெனவே கடைப்பிடிக்கிறார். அவரையே நாயகியாக்கலாம்.

பெரும்பாலான விளம்பரங்கள் சறுக்குவது அளவில்தான். கன்னத்தில் ஒரு பொட்டளவு வைத்துச் சிரிப்பார்கள், பார்ப்பவரும் அதையே கற்றுக்கொள்வார். வெயில் காப்பின் அளவைச் சொல்லும் எஸ்.பி.எஃப். எண் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 2 மில்லிகிராம் பூசிச் சோதித்தது. குறைத்துப் பூசினால் 50 என்று அச்சிட்டிருந்தும் அந்த அளவு காப்பு கிடைக்காது. முகத்துக்கும் கழுத்துக்கும் ஆள்காட்டி விரல், நடுவிரல் இரண்டின் நீளத்துக்கும் பிதுக்குவதை வெட்டாமல் காட்டுங்கள். 15 நிமிடம் ஊறவிட்டு, அதன்பின் பொட்டு. முந்தினால் குங்குமம் வழியும். வெளியிலேயே இருந்தால் 2 மணி நேரத்துக்கு ஒருமுறை மறுபடி. கைக்குட்டையால் வியர்வை துடைத்தால் உடனே. காமிராவுக்கு முன் நம் நிறத்தவர் இருக்கட்டும்: சன்ஸ்கிரீனில் உள்ள சிங்க் ஆக்சைடு திருநீறு பூசியதுபோல் நின்றால், எந்தக் கதையாலும் அந்தக் குழாயை விற்க முடியாது.

பழக்கம் ஒட்டியதா என்பதற்கு லைக் கணக்கு உதவாது. முகத்துக்கும் கழுத்துக்கும் ஒரு வேளைக்கு 1 மில்லிக்குச் சற்று அதிகம் போகும். தினம் ஒருமுறை பூசினாலே 50 மில்லிக் குழாய் ஒன்றரை மாதத்தில் தீரும். வாடிக்கையாளர் ஆறு மாதம் கழித்து அடுத்ததை வாங்கினால், அவர் இன்னும் பொட்டளவுதான் வைக்கிறார்.