கழுத்துல பிளாஸ்டிக் பட்டையோட ஒரு சுறா: கத்திய எடுக்கலாமா?

கேள்வி: போன வாரம் டைவ் பண்றப்ப நாலஞ்சு அடி நீளத்துல ஒரு சுறா பார்த்தேன். செவுள் பக்கம் வெள்ளை பிளாஸ்டிக் பட்டை ஒண்ணு மாட்டியிருந்துச்சு, சுத்தி புண்ணு. கூட வந்தவர் அறுத்து விடலாம்னு கத்தியோட கிளம்பினாரு, நான் கைய புடிச்சு நிறுத்திட்டேன். செஞ்சது சரியா? அது பிழைக்குமா? பிளாஸ்டிக்க முழுங்கிட்ட சுறாவுக்கு என்ன ஆகும்?

பதில்: சரிதான், குற்ற உணர்ச்சியே வேணாம். வலியில இருக்குற சுறாவோட வாய்க்கு ஒரு ஜாண் தள்ளி கத்திய வெச்சா யாருக்கு முதல்ல வெட்டு விழும்னு சொல்ல முடியாது, செவுள்ல பட்டுட்டா அது ரத்தம் போயே செத்துடும்.

நீங்க பார்த்தது அட்டைப் பெட்டிய கட்டுற பேக்கிங் பட்டையாத்தான் இருக்கணும். தூண்டில் இரை வர்ற பெட்டியிலயும் இதுதான் இருக்கும், படகுல இருக்குறவங்க அறுக்காம அப்படியே உருவி எடுத்து கடல்ல போட்டுட்டா முழு வளையமா மிதக்கும், ஏன்னா இந்தப் பட்டை செய்யுற பாலிப்ரொப்பிலீன் பிளாஸ்டிக் தண்ணிய விட லேசு. இது ஏன் கரெக்டா செவுள் கிட்ட போய் மாட்டுதுன்னு கேட்டா, ஒரு சுறாவோட தோலை தடவிப் பார்த்தா புரிஞ்சிடும். தலையிலேர்ந்து வால் பக்கமா தடவுனா வழவழன்னு போகும், திருப்பி தடவுனா உப்புத்தாள் மாதிரி சொரசொரன்னு பிடிக்கும், தோல் முழுக்க பல்லு மாதிரி குட்டிக் குட்டி செதில், எல்லாமே வால் பக்கம் சாஞ்சிருக்கும். அதனால மூக்கு வழியா உள்ள வந்த வளையம் சுலபமா வழுக்கிட்டே போய் மார்புத் துடுப்புல முட்டி நிக்குது, கழட்டணும்னா எதிர்ப் பக்கம் வரணும், சுறாவால பின்னாடி நீந்தவும் முடியாது, கை கால் கிடையாது, அவ்ளோதான் மாட்டிக்கிச்சு.

அதுக்கப்புறம் சுறா வளரும், பட்டை வளராது. தோல அறுத்து, சதைய அறுத்து, செவுள் திறந்து மூடுற இடத்துலயே இறுகுனா மூச்சும் குறையும். 2019-ல இங்கிலாந்தோட எக்ஸிட்டர் பல்கலைக்கழக ஆட்கள் ஆய்வுக் கட்டுரை, ட்விட்டர் பதிவு எல்லாத்தையும் கிளறி ஆயிரத்துக்கு மேல சுறா, திருக்கை இப்படி சிக்கினதா கணக்கெடுத்தாங்க. அதுல ஒரு மாகோ சுறா, கயிறு சுத்தினதுக்கு அப்புறமும் வளர்ந்துட்டே இருந்து, கயிறு மேல கொட்டலசு (பாறை, படகுல ஒட்டி வளர்ற ஓட்டு உயிரி) முளைக்கிற அளவுக்கு நாளாகி, கடைசில முதுகெலும்பு வரைக்கும் கயிறு இறங்கியிருந்துச்சு. கட்டுரைகள்ல வந்த கணக்குப்படி 74 சதவீதம் தொலைஞ்சு போன, தூக்கிப்போட்ட மீன்பிடி வலை, கயிறு வகையறா, பேக்கிங் பட்டை 11 சதவீதம்தான்.

பிழைக்குமான்னு கேட்டீங்க. சுறாவுக்கு புண்ணு ஆறுற சக்தி ஆச்சரியமா இருக்கும், பட்டை மட்டும் போயிட்டா பெரிய காயம்கூட மூடிடும். போகலேன்னா கஷ்டம். உடம்ப கவனிச்சீங்களா? தலை பெருசா, அதுக்குப் பின்னாடி முதுகு ஒட்டிப்போய் இருந்தா சரியா இரை எடுக்கலைன்னு அர்த்தம். பட்டைக்கு முன்னாடியும் பின்னாடியும் உடம்பு கொழுகொழுன்னு சமமா இருந்தா இன்னும் டைம் இருக்கு. பட்டை தோலுக்கு மேலயே லூசா இருந்தா பழக்கப்பட்ட மீட்புக்காரங்க நுனி மழுங்கின கட்டரால ஒரு இடத்துல வெட்டி விட்டுடுவாங்க. சதைக்குள்ள புதைஞ்சிருந்தா இழுக்கவே கூடாது, சதையோட பிச்சுக்கிட்டு வரும். வலையில சிக்கி அசையாம கிடக்குறது வேற கதை. மாகோ மாதிரி நீந்திக்கிட்டே இருந்தாத்தான் மூச்சு விட முடியுற வகைங்க நின்னா மூச்சுமுட்டிடும், அதனால உடனே தகவல் சொல்லணும், ஆனா நீங்க வலைக்குள்ள போகாதீங்க, டேங்க்கும் ஃபின்னும் போட்ட ஆள் சுறாவ விட ஈஸியா சிக்குவார்.

முழுங்குற விஷயத்துல நான் கொஞ்சம் நிதானமாத்தான் பேசுவேன். புலிச் சுறா வயித்துல கார் நம்பர் பிளேட் வரைக்கும் எடுத்திருக்காங்க, அதுங்க ஓரளவு சமாளிக்கும், எப்படின்னா பேன்ட் பாக்கெட்ட வெளிய இழுத்து உதறுற மாதிரி இரைப்பையவே வாய் வழியா வெளிய தள்ளி கழுவிக்கிற வித்தை பல சுறாவுக்கு உண்டு. ஆனா இரைப்பையிலேர்ந்து குடலுக்குப் போற வழி ரொம்ப குறுகல், கவர், ஷீட் மாதிரி எதாவது அங்க போய் அடைச்சா வயிறு ரொம்பின மாதிரியே இருந்து பட்டினி கிடக்கும்.

மைக்ரோபிளாஸ்டிக், அதான் பொடிப்பொடியான பிளாஸ்டிக்? 2020-ல இங்கிலாந்தோட தென்மேற்குக் கடல்ல பிடிபட்ட நாலு வகை, மொத்தம் 46 சுறாவ வெட்டிப் பார்த்ததுல 67 சதவீதத்துல நாரும் துகளும் இருந்துச்சு, ஒரே ஒரு சுறாவுல மட்டும் 154 பாலிப்ரொப்பிலீன் நார். ஆனா அந்த ஆய்வு காட்டினது இருக்குங்கிறத மட்டும்தான், அதனால நோய் வந்துச்சுன்னு இல்ல, செய்தில தலைப்பு போடுறவங்க இந்த வித்தியாசத்த முழுங்கிடுறாங்க. வாய திறந்து தண்ணிய வடிகட்டி சாப்பிடுற திமிங்கலச் சுறாவுக்கு ஆபத்து கூட, இந்தோனேசியாவோட ஜாவா பக்கம் 2019-ல போட்ட மதிப்பீட்டுல மணிக்கு 137 துண்டு வரைக்கும் உள்ள போகலாம்னு வந்துச்சு. பிளாஸ்டிக்க வளைஞ்சு கொடுக்க வைக்கிற தாலேட் ரசாயனம் உடைஞ்சு வர்ற பொருள மத்தியதரைக் கடல்ல இதே மாதிரி வடிகட்டி சாப்பிடுற பாஸ்கிங் சுறாவோட சதையில கண்டுபிடிச்சது 2014-லயே வந்துடுச்சு, அது ஹார்மோன குழப்புற வகை. வருஷக்கணக்கா வளர்ந்து கொஞ்சமே குட்டி போடுற பிராணிக்கு அதுதான் எனக்கு கவலை.

இருந்தாலும் ஒண்ணு, 1970-லேர்ந்து நடுக்கடல்ல திரியுற சுறாவும் திருக்கையும் 71 சதவீதம் குறைஞ்சதுக்கு முதல் காரணம் பிளாஸ்டிக் இல்ல, அளவில்லாம பிடிச்சது. கடல்ல தொலைஞ்சு போயும் மீன சிக்க வெச்சுட்டே இருக்குற வலைய பேய்வலைன்னு சொல்றமே, அதுவும் அங்கேர்ந்து வந்ததுதானே.

சரி, இப்ப நீங்க செய்ய வேண்டியது. டைவ் வீடியோ எடுத்திருந்தா அழிச்சிடாதீங்க. இடம், ஆழம், நேரம், சுறாவோட நீளம் குத்துமதிப்பா, பட்டை கலர் எல்லாம் ஞாபகம் இருக்கும்போதே எழுதி மீன்வளத் துறைக்கோ கடல் உயிர் மீட்புக் குழுவுக்கோ அனுப்புங்க. வீடியோல அது பக்கவாட்டுல திரும்பி செவுள் மொத்தமும் தெரியுற ஃபிரேம் ஒண்ணு கிடைக்கும், அத தனியா வெட்டி அனுப்புங்க, பட்டை எவ்ளோ ஆழம் இறங்கியிருக்குன்னு அத வெச்சுத்தான் பார்ப்பாங்க.