வெண்ணெய்க்குப் பதிலாக வாங்கிய டப்பா

கேள்வி: வெண்ணெயின் பாதி விலைக்குக் கிடைத்ததால் டப்பாவில் வரும் மார்ஜரின் (தாவர எண்ணெயில் செய்யும் வெண்ணெய் மாற்று) வாங்கினேன். குறிப்பில் இருந்தபடி 200 கிராம் சேர்த்து பிஸ்கட் செய்தால், எல்லாம் தட்டில் பரவி ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. அடுத்த முறை எண்ணெய் ஊற்றிப் பார்க்கலாமா? கேக்குக்கும் அளவு அதேதானா?

பதில்: முதலில் டப்பாவைத் திருப்பி, கொழுப்பு எத்தனை சதவீதம் என்று பாருங்கள். வெண்ணெயில் சுமார் 80 சதவீதம் கொழுப்பு. மீதியில் பெரும்பகுதி தண்ணீர். ரொட்டியில் தடவுவதற்கென்றே விற்கும் மென்மையான வகைகள் சிலவற்றில் 40 சதவீதம்தான் இருக்கும். உங்கள் டப்பாவும் அப்படி என்றால், 160 கிராம் கொழுப்பு சேரவேண்டிய மாவில் 80 கிராம்தான் சேர்ந்தது. நூறு கிராமுக்கு மேல் தண்ணீர் மாவுக்குள் போய்விட்டது. மாவு இளகாமல் என்ன செய்யும்? பாதி விலைக்குப் பாதிக் கொழுப்பு. மிச்சம் பிடித்ததாக நினைத்த பணம் தண்ணீருக்குப் போயிருக்கிறது.

மார்ஜரின்தான் வேண்டும் என்றால், 80 சதவீதக் கொழுப்புள்ள கட்டியாக வாங்குங்கள். வெண்ணெயின் அளவே போதும். மணத்தில் மட்டும் வெண்ணெய்க்கு ஈடாகாது.

பிஸ்கட்டுக்கு எண்ணெய் வேண்டாம். மாவைத் தாங்கிப் பிடிக்கக் கெட்டியான கொழுப்பு தேவை. அடுக்கடுக்காக எழும்பவேண்டிய பஃப் மாவுக்கோ, எண்ணெயை நினைத்தும் பார்க்காதீர்கள்.

கேக் வேறு கதை. எண்ணெய் முழுக்கக் கொழுப்பு என்பதால், 100 கிராம் வெண்ணெய்க்கு 80 கிராம் எண்ணெய் போதும். கோப்பையால் அளக்காமல் தராசில் நிறுத்துக்கொள்ளுங்கள். உருக்கிய வெண்ணெய் கேட்கும் குறிப்புகளில் இந்த மாற்றம் தயக்கமின்றிச் செய்யலாம். வெண்ணெயையும் சர்க்கரையையும் நுரைக்க அடிக்கச் சொல்லும் குறிப்பில்தான் சிக்கல். அப்படி அடிக்கும்போது வெண்ணெய்க்குள் சிறைப்படும் காற்றுதான் கேக்கை உப்ப வைக்கிறது. எண்ணெயால் அந்தக் காற்றைப் பிடித்துவைக்க முடியாது. அத்தகைய குறிப்பை வளைத்துக்கொண்டிருப்பதைவிட, எண்ணெய்க்கென்றே எழுதப்பட்ட குறிப்பைத் தேடுவதே மேல் என்பேன். குளிர்பெட்டியில் வைத்தாலும் எண்ணெய் கேக் இறுகாது. வெண்ணெய் கேக் கல்லாகிவிடும். வாசனை தூக்கலான எண்ணெயைத் தவிருங்கள். வெனிலாவை அது அமுக்கிவிடும்.

மிச்சமிருக்கும் மார்ஜரினை ரொட்டியில் தடவியே தீர்த்துவிடுங்கள். அதற்கு அது நல்ல பொருள்தான்.