பிளஸ் டூ கெமிஸ்ட்ரி ப்ராஜெக்டுக்கு என்ன தலைப்பு எடுக்கலாம்?

கேள்வி: சென்னையில் சிபிஎஸ்இ பன்னிரண்டாம் வகுப்பு படிக்கிறேன். கெமிஸ்ட்ரி ப்ராஜெக்டுக்கு நல்ல தலைப்பு வேண்டும். எப்படித் தேர்ந்தெடுத்து முடிப்பது?

பதில்: முதலில் ஒரு கணக்கு. செய்முறைத் தேர்வின் 30 மதிப்பெண்ணில் ப்ராஜெக்டுக்கு 4. அந்த நாலுக்காக, ரெடிமேடாக பிரிண்ட் போட்டு பைண்டிங் செய்து தரும் கடையில் காசைக் கொட்டாதீர்கள். பதினொன்றாம் வகுப்பில் நான் அதைத்தான் செய்தேன். வைவாவில், அதாவது வாய்மொழித் தேர்வில், முதல் கேள்விக்கே திருதிருவென்று முழித்தேன்.

அடுத்த வருடம் தலைப்பு கொடுத்தது அம்மா, அவருக்கே தெரியாமல். வேளச்சேரியில் எங்கள் அபார்ட்மென்ட் போர் தண்ணீரில் சோப்பு நுரைக்காது, குக்கருக்குள் வெள்ளை வெள்ளையாகப் படியும். "காய்ச்சினா இந்த உப்பு போயிடுமாடி?" என்று ஒருநாள் கேட்டார். அதையே எடுத்துக்கொண்டேன்.

போர் தண்ணீர், அதையே கொதிக்கவைத்து ஆறியபின் வடிகட்டியது, லாரி தண்ணீர், கேன் தண்ணீர் என்று நாலு பாட்டில். பள்ளி லேபிலேயே ஈடிடிஏ டைட்ரேஷன்: தண்ணீரைக் கடினமாக்கும் கால்சியத்தையும் மெக்னீசியத்தையும் பிடிக்கும் ஈடிடிஏ கரைசலைச் சொட்டுச் சொட்டாக விட்டு, எவ்வளவு செலவாகிறது என்று அளப்பது. எரியோக்ரோம் பிளாக் டி என்ற நிறங்காட்டியைப் போட்டால் ஒயின் சிவப்பாக இருப்பது, முடிவில் நீலமாக மாற வேண்டும். முதல் நாள் மாறவே இல்லை. ஒரே கலங்கல் நிறம். ஈடிடிஏவே கெட்டுப்போச்சு என்று புலம்பிக்கொண்டிருந்தேன். லேப் அண்ணா எட்டிப் பார்த்து, "பஃபர் ஊத்துனியாம்மா?" என்றார். ஊற்றவில்லை! ஈடிடிஏ கால்சியத்தையும் மெக்னீசியத்தையும் பிடிக்கும்போது ஹைட்ரஜன் அயனி வெளியேறி பிஹெச் (அமில-கார அளவு) இறங்கும்; இறங்கினால் நிறம் தெளிவாக மாறாது. அம்மோனியா பஃபர்தான் அதை 10-ஐ ஒட்டி நிறுத்தி வைக்கிறது. வைவாவில் எக்ஸ்டர்னல் (வெளியிலிருந்து வரும் தேர்வாளர்) கேட்டதும் இதையேதான். பட்டுத் தெரிந்துகொண்டதால் பதில் தானாக வந்தது.

20 மில்லி சாம்பிளுக்கு 0.01 மோலார் ஈடிடிஏ கரைசல் எடுத்தால் கணக்கு சுலபம்: செலவாகும் ஒவ்வொரு மில்லிக்கும் லிட்டருக்கு 50 மில்லிகிராம் கடினத்தன்மை. எங்கள் போர் தண்ணீர் 14 மில்லி குடித்தது, அதாவது 700. குடிநீருக்கு இந்திய தர அளவு 200; வேறு வழியே இல்லையென்றால் 600 வரை. காய்ச்சியது குறைந்தது, ஆனால் 200-க்கு வரவில்லை. பைகார்பனேட்டாக இருப்பதுதான் கொதிக்கும்போது படிந்து விலகும். குளோரைடும் சல்பேட்டும் அப்படியே நிற்கும். அம்மாவிடம் சொன்னேன். "அப்போ கேனை நிறுத்த முடியாதுங்கற" என்று எழுந்து போய்விட்டார்.

ஒவ்வொரு சாம்பிளையும் மூன்று முறையாவது செய்யுங்கள். ஒத்துவராத ரீடிங்கை அழிக்காமல் எழுதி வையுங்கள். எக்ஸ்டர்னல் அங்கேதான் விரலை வைப்பார். உங்கள் வீட்டில் தண்ணீர் பிரச்சினை இல்லையென்றால் பாலோ, எலுமிச்சையோ, ஜெலுசிலோ எதுவும் சரி, கேள்வி உங்களுடையதாக இருந்தால் போதும். தீபாவளிக்கு முன்பே லேப் வேலையை முடித்துவிடுங்கள். டிசம்பரில் ப்யூரெட் (கரைசலைச் சொட்டுச் சொட்டாக விடும் அளவுக் குழாய்) கிடைக்கவே வரிசையில் நிற்க வேண்டியிருக்கும்.