டம்ளரில் போட்ட சர்க்கரை எங்கே போனது?

கேள்வி: ஏழாம் வகுப்பு படிக்கும் என் மகள் திண்மம், திரவம், வாயு மூன்றுக்கும் விளக்கத்தை அட்சரம் பிசகாமல் ஒப்பிக்கிறாள். ஆனால் தண்ணீரில் கரைத்த சர்க்கரை எங்கே என்று கேட்டால் ‘காணாமல் போய்விட்டது’ என்கிறாள். வீட்டில் குடிக்கும் பானங்களை வைத்தே துகள்களைப் பற்றிப் புரியவைக்க முடியுமா?

பதில்: தாராளமாக முடியும். அவள் சொன்ன பதிலை உடனே திருத்தாதீர்கள், அங்கிருந்தே தொடங்குங்கள். சமையலறைத் தராசில் ஒரு டம்ளர் தண்ணீர், பக்கத்தில் சிறு கிண்ணத்தில் சர்க்கரை, ஒரு ஸ்பூன் எல்லாவற்றையும் சேர்த்து வையுங்கள். எடையை அவளே எழுதட்டும். கரைத்த பிறகு எடை குறையுமா, கூடுமா என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள். அப்புறம் கரைத்து, காலிக் கிண்ணத்தையும் ஸ்பூனையும் மறக்காமல் திரும்ப வைத்துப் பாருங்கள். எடை மாறியிருக்காது. காணாமல் போன பொருளுக்கு எடை எப்படி இருக்கும் என்று அவளே யோசிப்பாள்.

அடுத்து, டம்ளருக்குள் இருப்பதை வரையச் சொல்லுங்கள். நான் மிக முக்கியமாக நினைப்பது இந்தப் படத்தைத்தான். பல பிள்ளைகள் தண்ணீருக்கு நீல வண்ணம் தீட்டிவிட்டு, சர்க்கரையை மட்டும் புள்ளிகளாக வைப்பார்கள். தண்ணீரும் துகள்கள்தான் என்பது மனதில் ஏறவில்லை என்று அர்த்தம். 18 கிராம் தண்ணீரில், அதாவது ஏறக்குறைய நாலு டீஸ்பூனில், 6-க்குப் பின்னால் 23 சைபர் போட்டால் வரும் அளவுக்கு மூலக்கூறுகள் இருக்கின்றன. அவற்றுக்கு நடுவே காற்று இல்லை, வெறும் வெற்றிடம்தான்.

சிலர் திரவத் துகள்களை வெகுதூரம் தள்ளித் தள்ளி வரைவார்கள். ஊசி இல்லாத சிரிஞ்சில் தண்ணீரை நிரப்பி, நுனியை விரலால் அடைத்து அழுத்தச் சொல்லுங்கள். அசையாது. காற்றை நிரப்பினால் நன்றாக உள்ளே போகும். திரவத்தில் துகள்கள் ஏறக்குறைய ஒட்டிக்கொண்டே, ஒன்றையொன்று தாண்டி நகர்கின்றன.

அந்த நகர்வைப் பார்க்கத் தேநீர்ப் பை நல்லது. ஒரு கண்ணாடி டம்ளரில் குளிர்ந்த நீர், இன்னொன்றில் வெந்நீர் (அதை நீங்களே ஊற்றுங்கள்). இரண்டிலும் ஒரே சமயத்தில் பையை விட்டுக் கலக்காமல் பாருங்கள். வெந்நீரில் பழுப்பு நிறம் நூல் நூலாக இறங்கிச் சீக்கிரமே பரவிவிடும். குளிர்ந்த நீரில் பையைச் சுற்றியே தயங்கி நிற்கும். சூடானால் துகள்களின் வேகம் கூடுகிறது. வெந்நீருக்குள் ஓடும் நீரோட்டமும் பரவலுக்கு உதவுகிறது, அதையும் மறைக்காமல் சொல்லிவிடுங்கள்.

ஐஸ் போட்ட பழச்சாறு தனிப் பாடம். பனிக்கட்டி மிதப்பதைக் காட்டி ஏன் என்று கேளுங்கள். திண்மத்தில்தான் துகள்கள் நெருக்கம் என்று மனப்பாடம் செய்தவள் இங்கே திணறுவாள், திணறட்டும். தண்ணீர் உறையும்போது மூலக்கூறுகள் இடைவெளி விட்டு அடுக்காகின்றன. அதனால் கன அளவு சுமார் 9 சதவீதம் கூடுகிறது. உருகும்போது அந்த அடுக்குதான் கலைகிறது, மூலக்கூறு உருகுவதில்லை. 0 டிகிரியில் இருக்கும் ஒரு கிராம் ஐஸை உருக்கத் தேவையான வெப்பம், அதே அளவு தண்ணீரை 80 டிகிரி சூடாக்கப் போதும். வெறும் தண்ணீரை விட ஐஸ் இவ்வளவு நன்றாகக் குளிர வைப்பது இதனால்தான்.

டம்ளரின் வெளிப்பக்கம் துளிர்க்கும் நீர் உள்ளிருந்து கசிந்தது என்று அவள் சொன்னால், வெள்ளை டிஷ்யூ தாளால் துடைக்கச் சொல்லுங்கள். சாறு சிவப்பாக இருந்தாலும் தாளில் நிறம் ஒட்டாது. காற்றில் இருந்த நீராவி குளிர்ந்து படிந்தது அது.

கடைசியாக ஒரு டம்ளர் சோடாவையும் கொதிக்கும் கெட்டிலையும் காட்டி, இரண்டிலும் வரும் குமிழிக்குள் என்ன இருக்கிறது என்று கேளுங்கள். காற்று என்பாள். சோடாவில் இருப்பது அழுத்தத்தில் கரைத்து வைத்த கார்பன் டை ஆக்சைடு. தளதளவென்று கொதிக்கும் நீரில் இருப்பதோ தண்ணீரேதான், வாயுவாக. இதைச் சொன்ன பிறகு முதலில் வரைந்த படத்தை எடுத்துக் கொடுங்கள், அவளே திருத்தி வரையட்டும்.