தேக்குப் பலகையை நாளைக்கே பதிக்க வேண்டாம்

மயிலாடுதுறையில் புது வீடு, தரையில் பதிக்கத் தேக்குப் பலகை நேற்றுதான் வந்தது, ஆசாரி நாளைக்கே பதிக்கலாம் என்கிறார், சரியா என்று கேட்டிருக்கிறீர்கள். தயவுசெய்து நிறுத்தி வையுங்கள் சார். ஐப்பசி அடைமழையில் ஈரம் குடித்து உப்பிய பலகை, பங்குனி வெயிலில் சுருங்கி இடைவெளி விடும். பலகைக் கட்டுகளைப் பிரித்து, பதிக்கப்போகும் அதே அறையில் குறுக்கே ரீப்பர் (மெல்லிய மரச்சட்டம்) கொடுத்துக் காற்றுப் புகும்படி அடுக்குங்கள். ஏசி அறை என்றால் இப்போதிருந்தே ஓட்டுங்கள். நாள் கணக்கை நம்பாமல் ஈரமானியைப் பலகையில் குத்திப் பாருங்கள். அளவு ஏறாமல் இறங்காமல் நிற்க வேண்டும்.

அதைவிட எனக்குத் தரைதான் கவலை. மழைக்காலத்தில் டெல்டாவில் நிலத்தடி நீர் மேலேயே நிற்கும், புதுக் கான்கிரீட்டும் லேசில் காயாது. ஒரு பிளாஸ்டிக் தாளை நான்கு ஓரமும் டேப் போட்டுத் தரையில் ஒட்டி வையுங்கள். மறுநாள் அடியில் வேர்த்திருந்தால் பலகையைத் தொடவே கூடாது. அப்புறம், பலகை உப்பினால் இடம் வேண்டும், சுவரோரம் 10 மி.மீ. இடைவெளி விடச் சொல்லுங்கள், ஸ்கர்ட்டிங் (சுவரடிப் பட்டை) அதை மறைத்துவிடும்.