கல்லூரியில் புதிதாக மல்யுத்த அணி வருமா? நம்பிக் காத்திருக்கலாமா?

கேள்வி: நாங்கள் நியூ ஜெர்சியில் இருக்கிறோம். மகள் பத்தாம் வகுப்பு. இரண்டு வருடமாகப் பள்ளி மல்யுத்த அணியில் இருக்கிறாள். தம்பி எட்டாவது, அவனும் இறங்கிவிட்டான். கல்லூரியிலும் தொடர வேண்டும் என்று இருவருக்கும் ஆசை. ஆனால் நாங்கள் மனதில் வைத்திருக்கும் பல்கலைக்கழகங்களில் பாதிக்கு மேல் மல்யுத்த அணியே இல்லை. இன்னும் சில வருடத்தில் புதிதாகத் தொடங்குவார்களா? அதை நம்பி முடிவெடுக்கலாமா?

பதில்: உங்கள் கேள்விக்கு ஒரே பதில் கிடையாது அம்மா. மகளுக்கு ஒன்று, மகனுக்கு வேறொன்று.

மகளிடமிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் அவளுக்குக் காலம் கனிந்திருக்கிறது. பெண்களுக்கென்று முதல் கல்லூரி அணி 1993இல் மினசோட்டா பல்கலைக்கழகத்தின் மாரிஸ் வளாகத்தில்தான் வந்தது. அதன் பிறகு ரொம்ப நாள் ஆமை வேகம். 2020இல் கல்லூரி விளையாட்டுகளை நிர்வகிக்கும் என்.சி.ஏ.ஏ. அமைப்பு இதை 'வளரும் விளையாட்டு' பட்டியலில் சேர்த்தது. அந்தப் பட்டியலில் இருக்கும் விளையாட்டு தேசிய சாம்பியன்ஷிப் நிலைக்கு வர 40 கல்லூரிகளிலாவது அணி இருக்க வேண்டும். பெண்கள் மல்யுத்தம் அந்தக் கோட்டைச் சில வருடத்திலேயே தாண்டியது. 2025 ஜனவரியில் அங்கீகாரம் கிடைத்தது. முதல் சாம்பியன்ஷிப்புக்கு 2026 மார்ச், அயோவாவின் கோரல்வில் என்று நாளும் இடமும் குறித்தார்கள். அயோவா பல்கலைக்கழகம் போன்ற பெரிய இடமே 2021இல் பெண்கள் அணியை அறிவித்த பிறகு மற்றவர்களும் திரும்பிப் பார்க்க ஆரம்பித்தார்கள். பள்ளிகளில் மல்யுத்தம் செய்யும் பெண்பிள்ளைகள் 2022-23இல் சுமார் 50,000 பேர், அடுத்த வருடமே 64,000க்கு மேல். இத்தனை பிள்ளைகள் வாசலில் வந்து நிற்கும்போது கல்லூரிகள் கதவைத் திறக்காமல் இருக்காது.

மகன் விஷயம் அப்படியில்லை. 1981-82இல் என்.சி.ஏ.ஏ.வின் மேல்மட்டமான முதல் பிரிவில் (டிவிஷன் 1) மட்டும் 146 ஆண்கள் அணிகள் இருந்தன. இன்று 80க்கும் குறைவு. ஏன் என்று கேட்டால் உடனே கல்வி நிலையங்களில் ஆண் பெண் பாகுபாட்டைத் தடுக்கும் 'டைட்டில் நைன்' சட்டத்தைக் கைகாட்டுவார்கள். 1972இல் வந்த அந்தச் சட்டத்துக்கு இணங்கி நடப்பதைக் காட்டக் கல்லூரிகள் அதிகம் பிடித்துக்கொள்ளும் வழி, மாணவர் மாணவியர் விகிதமும் விளையாட்டில் இருக்கும் ஆண் பெண் விகிதமும் ஒத்திருப்பது. பல கல்லூரிகளில் மாணவியர் பாதிக்கும் மேல். அமெரிக்கக் கால்பந்து அணி ஒன்றே நூறு ஆண்களை எடுத்துக்கொள்கிறது, அதற்கு ஈடாகப் பெண்கள் பக்கம் எதுவும் இல்லை. இதில் இன்னும் 30 ஆண்களைச் சேர்த்தால் தராசு மேலும் சாயும். 30 பெண்களைச் சேர்த்தால் நிமிரும். உங்கள் மகளுக்குக் கதவைத் திறக்கும் கணக்கும் மகனுக்கு அதை இழுத்துச் சாத்தும் கணக்கும் ஒன்றுதான்.

ஆனாலும் பழியைப் பெண்பிள்ளைகள் தலையில் போடுவதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். கால்பந்துக்குப் பணத்தைக் கொட்டிவிட்டு மீதியில் மற்ற விளையாட்டுகளைக் கைகழுவியது நிர்வாகங்களின் முடிவு. 2025 ஜூனில் நீதிமன்றம் ஏற்ற 'ஹவுஸ்' வழக்கு உடன்படிக்கை இந்த நெருக்கடியை இன்னும் இறுக்கியிருக்கிறது. இப்போது ஒரு பல்கலைக்கழகம் தன் வீரர்களுக்கு நேரடியாகவே பணத்தைப் பகிர்ந்து தரலாம், முதல் வருடமான 2025-26இல் அதற்கு வரம்பு 2.05 கோடி டாலர். அதில் பெரும்பங்கு கால்பந்துக்கும் கூடைப்பந்துக்கும் போகும். இதில் சேர்ந்த கல்லூரிகளில் ஆண்கள் மல்யுத்த அணிக்கு 30 பேர் என்ற உச்சவரம்பும் வந்துவிட்டது. இந்த நிலையில் ஒரு பெரிய பல்கலைக்கழகம் தானாக முன்வந்து ஆண்கள் அணி தொடங்கும் என்று எதிர்பார்க்க முடியாது. கிளீவ்லேண்ட் ஸ்டேட் 2025இல் இருந்த அணியையே எடுத்துவிட்டது.

முதல் பிரிவில் அப்படியும் புதிதாக வந்தவை பெரும்பாலும் யாரோ ஒருவர் பணத்தை மேசையில் வைத்ததால் வந்தவை. ஆர்கன்சாவின் லிட்டில் ராக்கில் ஒரு தொழிலதிபர் 14 லட்சம் டாலர் கொடுத்தார், 2019இல் முதல் பிரிவில் அந்த மாநிலத்தின் முதல் மல்யுத்த அணி களமிறங்கியது. பால்டிமோரின் மார்கன் ஸ்டேட் 1997இல் மூடிய அணியை 27 லட்சம் டாலர் நன்கொடையால் 2023இல் மீட்டது. ஸ்டான்ஃபோர்டை மறக்கவே முடியாது. 2020இல் அந்தப் பல்கலைக்கழகம் 11 விளையாட்டுகளைக் கைவிடுவதாக அறிவித்தது, மல்யுத்தமும் அதில் ஒன்று. அடுத்த மார்ச்சில் அந்த அணியின் வீரர் ஷேன் கிரிஃபித் தேசியப் போட்டிக்குப் பல்கலைக்கழகப் பெயரே இல்லாத வெறும் கறுப்பு உடையில் வந்து பட்டத்தை வென்றார். முன்னாள் மாணவர்கள் நிதியைத் திரட்டிக் காட்டினார்கள். மே மாதம் முடிவு திரும்பப் பெறப்பட்டது. பணமும் ஆட்களும் பின்னால் நின்றால்தான் அணி நிற்கும்.

உண்மையில் புதிய அணிகள், ஆண்களுக்கும்கூட, அதிகம் முளைப்பது சிறிய தனியார் கல்லூரிகளில். காரணம் சேர்க்கை. அமெரிக்காவில் பிறப்பு எண்ணிக்கை 2007இல் உச்சத்தைத் தொட்டு இறங்கியது, அதனால் 18 வயதுப் பிள்ளைகள் இனி ஆண்டுக்காண்டு குறைவார்கள். மல்யுத்தத்துக்காக 30 பேர் சேர்ந்து, உதவித்தொகை போக ஆளுக்கு 20,000 டாலர் கட்டினால் கல்லூரிக்கு 6 லட்சம். ஒரு பயிற்சியாளர் சம்பளம், பாய், பேருந்துச் செலவு எல்லாம் போனாலும் கையில் மிஞ்சும். இப்படிப்பட்ட கல்லூரிகள் பல இருக்கும் என்.சி.ஏ.ஏ.வின் மூன்றாம் பிரிவில் விளையாட்டுக்கென்று உதவித்தொகையே கிடையாது, படிப்புக்கும் வருமானத்துக்கும் தருவதுதான்.

பென்சில்வேனியாவில் பள்ளிப் பிள்ளைகளுக்குப் பயிற்சி தருகிறேன். ஒரு பெண்ணோடு அப்படிப்பட்ட ஒரு கல்லூரிக்குப் போயிருந்தேன். பழைய ராக்கெட்பால் அறைக்குள் பாய் விரித்திருந்தார்கள். சுவரில் பாதி உயரத்துக்குத்தான் மெத்தை. பயிற்சியாளர் பகுதிநேரம், மாலை நான்கு மணிக்குத்தான் வருவார். அந்தப் பெண் சுவரை ஒருமுறை தடவிப் பார்த்துவிட்டு ஒன்றும் பேசாமல் வெளியே வந்தாள். அந்த அணி இரண்டு வருடம்கூடத் தாங்கவில்லை. அணி மட்டுமல்ல, கல்லூரியே மூடிப்போவதும் உண்டு. ஒஹையோவின் நோட்டர்டேம் கல்லூரி, மல்யுத்தத்தில் பெயர் பெற்ற இடம், 2024 மேயில் கதவடைத்தது.

அதனால் புதிய அணி என்று யார் அழைத்தாலும் சில விஷயங்களை முகத்துக்கு நேரே கேளுங்கள். தலைமைப் பயிற்சியாளர் முழுநேரமா? செலவு கல்லூரியின் வழக்கமான பட்ஜெட்டிலிருந்தா, சில வருட நன்கொடையிலிருந்தா? கடந்த ஐந்து வருடச் சேர்க்கை ஏறியதா, இறங்கியதா? பயிற்சி அறை எங்கே, காயம் பட்டால் யார் பார்ப்பார்கள்? அணி நாளைக்கே போனாலும் பிள்ளை அங்கே படிக்க விரும்பும் படிப்பு இருக்கிறதா? கடைசிக் கேள்விக்கு 'இல்லை' என்றால் மற்றப் பதில்கள் எப்படி இருந்தாலும் வேண்டாம்.

அறிவிக்காத அணிக்காகக் காத்திருக்க வேண்டாம். நீங்கள் விரும்பும் பல்கலைக்கழகத்தில் கிளப், அதாவது மாணவர்களே நடத்தும் அணி, இருக்கிறதா என்று பாருங்கள். கிளப் அணிகளுக்கும் தேசியப் போட்டி இருக்கிறது, பிள்ளைகள் விளையாட்டை விடாமல் படிக்கலாம். மகனுக்கு இன்னும் நேரம் இருக்கிறது. இருக்கும் அணிகளின் பட்டியலை வைத்தே அவனுக்குத் திட்டமிடுங்கள்.

மகளுக்கு ஒரு வேலை இந்தக் கோடையிலேயே காத்திருக்கிறது. பள்ளியில் அவள் செய்வது ஃபோக்ஸ்டைல் என்ற அமெரிக்க முறை. கல்லூரிப் பெண்கள் மல்யுத்தம் ஒலிம்பிக்கில் இருக்கும் ஃப்ரீஸ்டைல். பள்ளியில் கீழிருந்து எழுந்து தப்பினால் ஒரு புள்ளி, ஃப்ரீஸ்டைலில் அதற்கு ஒன்றும் இல்லை. அங்கே எதிராளியைக் கீழே வீழ்த்திய பிறகு அவர் முதுகைப் பாய்ப்பக்கம் திருப்பினால்தான் மேலும் புள்ளி, சும்மா அமுக்கிக்கொண்டிருந்தால் நடுவர் எழுப்பி நிற்க வைத்துவிடுவார். வசந்தகாலத்திலும் கோடையிலும் ஃப்ரீஸ்டைல் நடத்தும் கிளப் பக்கத்தில் எங்கே இருக்கிறது என்று அவளுடைய பள்ளிப் பயிற்சியாளரிடம் கேளுங்கள். இரண்டு மூன்று முழு ஆட்டங்களைப் படம் பிடித்து, தோற்ற ஒன்றையும் சேர்த்து, மதிப்பெண்களோடு பயிற்சியாளர்களுக்கு அவளே மின்னஞ்சல் எழுதட்டும். நீங்கள் எழுத வேண்டாம். விதிப்படி பதில் போட அவர்களுக்குச் சில மாதம் தடை இருக்கலாம். பதில் வரவில்லையே என்று அவள் சோர்ந்துவிடாமல் மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.