பங்கு உங்கள் வீட்டுக்குப் புதிய சொல் இல்லை

கேள்வி: எனக்கு 27 வயது. பி.காம். முடித்துவிட்டு பாரிமுனையில் வேலை பார்க்கிறேன். அப்பா காசிமேட்டில் விசைப்படகுத் தொழிலாளி, அம்மா மீன் விற்கிறார். ஆபீஸ் தோழிக்கு வீடு சௌகார்பேட்டை. தாத்தா காலத்திலிருந்தே அவர்கள் வீட்டில் ஷேர் பேச்சுதான். அவளைப் பார்த்து நானும் ஷேர் வாங்கி வைக்கும் டிமேட் கணக்கு தொடங்கினேன். டெலிகிராமில் வந்த டிப்ஸை நம்பி ஆப்ஷனில் 48,000 ரூபாய் போய்விட்டது. அதில் 30,000 வளையலை அடகு வைத்த பணம். வீட்டில் இன்னும் சொல்லவில்லை. சொல்லித்தர ஆள் இல்லாத வீட்டுப் பிள்ளைகளுக்கு இதெல்லாம் சரிப்படாதா அக்கா?
— பெயர் வேண்டாம், காசிமேடு

பதில்: அன்புத் தங்கைக்கு,

பணம் போன வருத்தத்தில் வீட்டின் மேல் பழி போடாதீர்கள். 2021-22 முதல் 2023-24 வரையிலான மூன்று நிதியாண்டுகளில் எஃப் அண்ட் ஓ-வில் (விலை ஏறுமா இறங்குமா என்று பந்தயம் கட்டுவது போன்ற வியாபாரம், நீங்கள் போட்ட ஆப்ஷனும் இதில்தான் வரும்) இறங்கிய தனிநபர்களில் 93 சதவீதம் பேர் நஷ்டப்பட்டார்கள் என்று, பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் அமைப்பான செபியே கணக்கெடுத்துச் சொல்லியிருக்கிறது. மொத்த நஷ்டம் 1.8 லட்சம் கோடி ரூபாய்க்கு மேல். ஷேர் பேசியே வளர்ந்தவர்களும் அதில் இருந்திருப்பார்கள்.

ஆனால் வீடு ஒரு பொருட்டே இல்லை என்றும் சொல்ல மாட்டேன். 2010-ல் லுசார்டி, மிட்செல், கர்ட்டோ என்ற ஆய்வாளர்கள் அமெரிக்க இளைஞர்களை வைத்து ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். பெற்றோரிடம் ஷேரும் ஓய்வுக்காலச் சேமிப்பும் இருந்த, கல்லூரி முடித்த ஓர் ஆணையும், வசதியில்லாத வீட்டில் பிறந்து பள்ளியைக்கூட முடிக்காத ஒரு பெண்ணையும் ஒப்பிட்டார்கள். பணத்தை ஏன் பிரித்துப் போட வேண்டும் என்பதைத் தெரிந்திருப்பதில் இருவருக்கும் இடையே சுமார் 45 சதவீதப் புள்ளி வித்தியாசம். அந்தப் பெண்ணுக்கு அறிவு குறைவு என்று இதற்குப் பொருள் இல்லை. அந்தப் பேச்சு அவள் காதில் விழவே இல்லை, அவ்வளவுதான்.

1937-ல் அமைந்த மெட்ராஸ் பங்குச் சந்தை, 2015-ல் சந்தைத் தொழிலிலிருந்து விலக செபி அதை அனுமதிக்கும்வரை, செகண்ட் லைன் பீச் தெருவில்தான் இருந்தது. உங்கள் ஆபீஸிலிருந்து நடந்தே போகலாம், உங்கள் வீட்டிலிருந்தும் சில கிலோமீட்டர்தான். ஆனாலும் அந்தப் பேச்சு காசிமேட்டுக்கு வரவில்லை. உங்கள் தோழிக்கு வீட்டில் கிடைத்தது டிப்ஸ் என்று நினைக்கிறீர்களா? விலை விழுந்த நாளிலும் பெரியவர்கள் பதறாமல் சாப்பிட்டுவிட்டுத் தூங்கப் போனதைச் சின்ன வயதிலிருந்து அவள் பார்த்திருப்பாள். என் கணிப்பில் அதுதான் பெரிய சொத்து.

சரி, உங்கள் வீட்டில் என்ன இருக்கிறது? படகு கரைக்கு வந்ததும் டீசல், ஐஸ் செலவைக் கழித்துவிட்டு மிச்சத்தை முதலாளிக்கும் ஆட்களுக்கும் பிரிக்கிறார்களே, அதற்குப் பெயரே பங்குதானே! வரவு இருந்தால் பங்கு உண்டு, இல்லாவிட்டால் இல்லை. செலவு போகத்தான் லாபம் என்பதை உங்கள் அப்பா உடம்பால் படித்திருக்கிறார். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம் வரும் என்று தெரிந்து, அதற்கு முன்பே கொஞ்சம் ஒதுக்கிவைக்கும் வீடு உங்களுடையது. அவசர நிதி என்று புத்தகங்கள் சொல்வது இதைத்தான்.

அம்மா சீட்டு கட்டுவார், இல்லையா? மாதம் 5,000 வீதம் 20 பேர் கட்டும் ஒரு லட்ச ரூபாய்ச் சீட்டை ஒருவர் 30,000 தள்ளி எடுக்கிறார் என்று வையுங்கள். நடத்துபவர் கமிஷன் 5,000 போக மீதி 25,000-ஐ 20 பேருக்குப் பிரித்தால் ஆளுக்கு 1,250. அந்த மாதம் 3,750 கட்டினால் போதும். இன்று கைக்கு வரும் பணத்துக்கும் இருபது மாதம் கழித்து வரும் பணத்துக்கும் மதிப்பு வேறு என்பதை அம்மா பேனா பிடிக்காமலே போட்டுவிடுவார். நிதிப் பாடத்தின் முதல் அத்தியாயம் இதுதான்.

ஆனால் அந்த வீட்டுக்கே உரிய ஒரு பழக்கமும் உங்களோடு வந்திருக்கிறது. மீனை இன்றைக்கே விற்றாக வேண்டும், நாளைக்கு வைத்தால் விலை போகாது. தண்டல்காரர் தினமும் வருவார். பணத்தை நாள் கணக்கில் பார்த்தே வளர்ந்தவருக்குச் சாயங்காலத்துக்குள் முடிவு தெரியும் ஆப்ஷன் இயல்பாகத் தோன்றும். பத்து வருடம் வைத்திருக்க வேண்டிய ஃபண்ட்தான் அந்நியமாகப் படும். நீங்கள் வழுக்கிய இடம் இதுவாக இருக்கலாம்.

அப்பாவுக்கு விஷயம் தெரிந்தால் சூதாட்டம் என்பார். கோபப்படாதீர்கள். 1990-களில் நிதி நிறுவனங்களில் போட்ட பணம் முங்கியதைப் பார்த்த தலைமுறை அது. அந்த மோசடிகளைச் சமாளிக்கத்தான் 1997-ல் தமிழ்நாடு அரசு முதலீட்டாளர்களைப் பாதுகாக்கத் தனிச் சட்டமே கொண்டுவந்தது. அவருடைய பயத்துக்குக் காரணம் இருக்கிறது.

இப்போது செய்ய வேண்டியது: டெலிகிராம் குழுவை விட்டு இன்றே வெளியே வாருங்கள். காசு வாங்கிக்கொண்டு ஷேர் ஆலோசனை சொல்பவர் செபியில் பதிவு பெற்றிருக்க வேண்டும், பதிவு எண்ணை செபி இணையதளத்தில் நீங்களே பார்க்கலாம். ஆப்ஷன் வேண்டாம். சம்பளத்தில் முதல் வேலை வளையலை மீட்பது. அதுவரை ஒரு ரூபாய்கூடப் புதிதாகப் போடாதீர்கள். அம்மாவிடம் இந்த வாரமே சொல்லிவிடுங்கள். அடகு ரசீது அவர் கையில் தானாகக் கிடைப்பதைவிட அது நல்லது. அப்புறம், மூன்று மாதச் செலவு வங்கியில் சேர்ந்தபிறகு, மாதம் 1,000 ரூபாயில், சந்தைக் குறியீட்டில் உள்ள கம்பெனி ஷேர்களை எல்லாம் சேர்த்து வாங்கும் ஓர் இண்டெக்ஸ் ஃபண்ட் போதும்.

முன்பு சொன்ன லுசார்டியும் மிட்செலும், ஒருவருக்குப் பண விஷயம் எவ்வளவு தெரியும் என்று பார்க்க, உலகம் முழுக்கப் பரவிய மூன்று கேள்விகளை உருவாக்கினார்கள். நம்மூர்க் கணக்கில் சொல்கிறேன். 100 ரூபாயை 2 சதவீத வட்டியில் போட்டு 5 வருடம் தொடாமல் விட்டால் 102-க்கு மேல் இருக்குமா, கீழே இருக்குமா? வட்டி 1 சதவீதம், விலைவாசி ஏற்றம் 2 சதவீதம் என்றால், வருடக் கடைசியில் அந்தப் பணத்துக்கு இன்று வாங்குவதைவிட அதிகம் வாங்க முடியுமா, குறைவாகவா? எது பாதுகாப்பு: ஒரே கம்பெனி ஷேரா, பல கம்பெனிகள் சேர்ந்த ஃபண்டா?

வளையல் விஷயத்தைச் சொல்லி முடித்த அன்று ராத்திரி, இவற்றை அம்மாவிடமும் அப்பாவிடமும் கேளுங்கள். மூன்றாவதற்கு, எல்லா வலையையும் ஒரே படகில் ஏற்றுவாரா என்று அப்பாவைக் கேட்டால் போதும். என்ன சொன்னார்கள் என்று எனக்கு எழுதுங்கள்.